தாவாதே வெள்ளையா

ஜனவரி 3

பொங்கலுக்கு உசிலம்பட்டியிலிருந்து அப்பத்தா வருகிறார். அதற்குள் வெள்ளையன் ஆள் மேல் தாவுவதை நிறுத்தியாக வேண்டும். ராஜபாளையம் நாய், இன்னும் ஒரு வயதுகூட நிறையவில்லை. முழுதாக வளர்ந்தால் தோள் உயரமே 65 முதல் 75 செ.மீ. வரும். பின்னங்காலில் எழுந்து நின்றால் முன்னங்கால் நம் தோளில். அப்பத்தா கைத்தடி ஊன்றி நடப்பவர். விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

ஜனவரி 4

முட்டியால் நெஞ்சில் இடி, பின்னங்காலை மிதி என்று நாகமலை புதுக்கோட்டையில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை. பசித்த குட்டிகள் தாயின் வாயை நக்கும், தாயும் தின்றதைக் கக்கிக் கொடுக்கும். அந்தப் பழக்கம் நாய்க்கு வளர்ந்த பிறகும் போவதில்லை. நம் முகம் உயரத்தில் இருக்கிறது, அதை எட்டத் தாவுகிறான். பாசமாக வருகிறவனை உதைத்தால் வீட்டுக்கு வரும் ஆளைக் கண்டாலே மிரளுவான். மிரண்ட நாய் கடிக்கவும் செய்யும்.

ஜனவரி 5

வெள்ளை ராஜபாளையத்தில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அதனால் முதலில் அவன் முதுகுக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்தேன். சட்டென்று திரும்பினான். நிம்மதி.

ஆட்டு ஈரலை உப்பில்லாமல் அவித்துப் பொடிப்பொடியாக நறுக்கி வைத்திருக்கிறேன். தாவினால் பேச்சும் இல்லை, பார்வையும் இல்லை, முதுகைக் காட்டித் திரும்பிவிடுவேன். நான்கு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் "நல்ல பையன்" என்று சொல்லி ஈரல். அதையும் தரையில்தான் வைக்கிறேன். கையை உயர்த்திக் கொடுத்தால் மூக்கு மேலே போகும், காலும் கூடவே போகும்.

ஜனவரி 8

தாவல் கூடியிருக்கிறது. தோளைப் பிறாண்டுகிறான், குரைக்கிறான். இது எதிர்பார்த்ததுதான். இத்தனை நாள் பலன் கொடுத்த ஒன்று திடீரென்று பலிக்காமல் போனால், நாய் இன்னும் மும்முரமாக அதையே செய்து பார்க்கும். அப்புறம்தான் குறையும். இந்தக் கட்டத்தில் மனமிரங்கிவிட்டால் போச்சு.

சிக்கல் அப்பாதான். இரவு கடையைப் பூட்டிவிட்டு வந்ததும் வெள்ளையன் தாவ, இரண்டு கையாலும் அணைத்துக்கொள்கிறார்.

"விடும்மா, பச்சப்புள்ள. ஆசையா வருது."

"அப்பா, எப்போதாவது ஒரு தடவை கிடைத்தாலும் அதை நம்பியே எல்லாரிடமும் தாவுவான்ப்பா. எப்போது கிடைக்கும் என்று தெரியாத பழக்கம்தான் லேசில் விடாது. அப்பத்தாவும் நீங்களும் வேறு வேறு என்று அவனுக்கு எப்படித் தெரியும்?"

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டு எழுந்த பிறகு, "சரி, அப்ப நான் எப்படித்தான் கொஞ்சுறது?" என்று கேட்டார். உட்காரச் சொல்லுங்கள், உட்கார்ந்ததும் நீங்கள் குனிந்து எவ்வளவு வேண்டுமானாலும் கொஞ்சுங்கள் என்றேன். உட்கார்ந்திருக்கும் நாயால் தாவ முடியாது. கொஞ்சலைக் குறைக்க வேண்டியதே இல்லை, அவன் உட்கார்ந்த பிறகு கொடுத்தால் போதும்.

ஜனவரி 11

தண்ணி கேன் போடும் அண்ணன் ஒத்தாசைக்கு வந்தார். வெள்ளையனைத் திண்ணைத் தூணில் கயிற்றால் கட்டினேன். அண்ணன் கிட்டே வருவார், கால் எழும்பினால் வந்த வழியே திரும்பிவிடுவார். உட்கார்ந்தால்தான் ஆள் கிட்டே வருகிறது என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவனுக்குப் பிடிபட்டது.

ஒருமுறை நகம் அண்ணன் கையில் கீறிவிட்டது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வைத்து, டாக்டரிடமும் அழைத்துப் போனேன். நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கீறல்தானே என்று விடக்கூடாது. வெள்ளையனின் நகத்தையும் வெட்டியாயிற்று.

ஜனவரி 15

அப்பத்தா வந்துவிட்டார். முதலில் அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, பிறகுதான் கயிற்றோடு வெள்ளையனை அழைத்து வந்தேன். உடம்பெல்லாம் நடுங்க, வால் தரையைப் பெருக்க, உட்கார்ந்தான்! அப்பத்தா கையாலேயே ஈரல் கொடுத்தார். "ஏ ஆத்தா, கன்னுக்குட்டி மாதிரில்ல இருக்கான்" என்று தலையைத் தடவினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜனவரி 17

டிவியில் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, வீடு முழுக்கச் சொந்தக்காரப் பிள்ளைகள். கூச்சலும் ஓட்டமுமாக இருக்கும் இடத்தில் இவ்வளவு சின்ன நாயிடம் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பின்கட்டு அறையில் விட்டு, தேங்காய் நாரில் ஈரலைச் செருகிக் கொடுத்துப் பக்கத்திலேயே இருந்தேன். இழுத்து இழுத்து எடுத்துத் தின்றுவிட்டுத் தூங்கிப் போனான்.

ஜனவரி 21

வீட்டு ஆட்களிடம் இப்போது கயிறு தேவைப்படவில்லை. அப்பா வண்டியை நிறுத்தும்போதே உட்கார்ந்துவிடுகிறான். ஆனால் ஹெல்மெட் போட்ட ஆள் வந்தால் எல்லாம் மறந்து எகிறுகிறான். நாளை தண்ணி கேன் அண்ணனை ஹெல்மெட்டைக் கழற்றாமல் உள்ளே வரச் சொல்லியிருக்கிறேன். தூணில் திரும்பவும் கயிறு கட்ட வேண்டும், ஈரல் வாங்க வேண்டும்.