போகோட்டாவில் ஒரு நாள் மிச்சம் இருந்தால்

கொலம்பியா போகிறவர்கள் தலைநகர் போகோட்டாவோடு நின்றுவிடாதீர்கள். காலையில் கிளம்பினால் இருட்டுவதற்குள் குவாட்டவிட்டா ஏரியைப் பார்த்துத் திரும்பிவிடலாம். எல் டொராடோ என்ற பொன் நாட்டின் கதை பிறந்த இடம். முயிஸ்கா பழங்குடித் தலைவன் உடம்பெல்லாம் பொன்துகள் பூசி, தெப்பத்தில் நடு ஏரிக்குப் போய்ப் பொன்னும் மரகதமும் காணிக்கையாக இட்டானாம்.

மேலே ஏறியதும் கரைவிளிம்பில் ஆழமான வெட்டு ஒன்று தெரியும். தண்ணீரை வடித்துப் பொன் அள்ள ஸ்பானியர்கள் 16ஆம் நூற்றாண்டில் வெட்டியது. பச்சைத் தண்ணீரின் அழகைவிட அந்தக் காயம்தான் என் மனசை விட்டுப் போகவில்லை.

சுமார் 3,000 மீட்டர் உயரம், மூச்சு வாங்கும், நிதானமாக ஏறுங்கள். சிப்பாகிரா ஊரின் உப்புச் சுரங்கத் தேவாலயமும் போகோட்டாவுக்கு வடக்கேதான், பூமிக்குள் 180 மீட்டர். அதுவும் அருமை. ஆனால் ஒரு நாள்தான் என்றால் ஏரிக்கே போங்கள், திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அன்று மூடியிருக்கும்.