காரணம் சொல்லாத ஒரு பைட்டும் மூன்று நாள் அலைச்சலும்

ஒரே அச்சுப்பொறியை, யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில் ஓடும் நான்கு கணினிகள் பகிர்ந்துகொள்ளும்படி அமைக்க அரை நாள் போதும் என்று சொல்லித்தான் இந்த வேலையை ஏற்றுக்கொண்டேன்; முடிய மூன்று நாள் ஆயிற்று. அச்சுப்பொறி பொருத்தப்பட்ட ஃப்ரீபிஎஸ்டி கணினியில் எல்பிடி என்ற அச்சுச் சேவை நிரல் ஓடும், சோலாரிஸ், எச்பி-யூஎக்ஸ், லினக்ஸ் ஆகிய மற்ற மூன்றும் வலையமைப்பு வழியாக அதற்கு வேலைகளை அனுப்பும் என்பது திட்டம். நான்கும் 515ஆம் போர்ட்டில், அதாவது அந்த எண்ணுள்ள இணைப்பு வாயிலில், ஒரே நெறிமுறையைப் பேசுபவை என்பதால் சிக்கல் எதுவும் இராது என்று நம்பினேன். ஆனால் அந்த நெறிமுறையை விவரிக்கும், 1990 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 1179 என்ற இணையக் குறிப்பு ஒரு தரநிர்ணயமே அன்று. அப்போது புழக்கத்தில் இருந்ததை எழுதிவைத்த ஆவணம் மட்டுமே. அதைவிட முக்கியமான ஒன்றை நான் தாமதமாகவே உணர்ந்தேன். பெறும் கணினி ஒவ்வொரு படிக்கும் ஒரே ஒரு பைட்டைத்தான் பதிலாக அனுப்பும். அது பூச்சியமாக இருந்தால் சரி, வேறு எதுவாக இருந்தாலும் மறுப்பு. ஏன் மறுத்தது என்று சொல்ல அதில் இடமே இல்லை.

சோலாரிஸ் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. அச்சுப்பொறியைச் சேர்க்கும் எல்பிஆட்மின் கட்டளையில், சேவையகமான ஃப்ரீபிஎஸ்டி கணினியின் பெயரையும் அதிலுள்ள அச்சு வரிசையின் பெயரையும் வியப்புக்குறியால் இணைத்துக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்களில் ஒன்றான சி-ஷெல்லில் இருப்பவர்கள் அந்த வியப்புக்குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு இடாவிட்டால், ஷெல் அதைப் பழைய கட்டளையைத் தேடும் குறியாக எடுத்துக்கொண்டு, அப்படி ஒரு நிகழ்வு இல்லை என்று சொல்லிவிடும்.

எச்பி-யூஎக்ஸ்தான் ஒன்றரை நாளைத் தின்றது. அச்சு வேலைகளை ஒழுங்குசெய்யும் நிரலை நிறுத்திவிட்டு, தொலை அச்சுப்பொறியைச் சேர்த்து, பிஎஸ்டி (ஃப்ரீபிஎஸ்டி சேர்ந்த யூனிக்ஸ் கிளை) கணினிகளோடு பேசுவதற்குத் தேவையான மூன்று இலக்க வேலை எண்ணுக்கான விருப்பத்தையும் கொடுத்து, மீண்டும் இயக்கினேன். வேலை வரிசையில் ஏறவில்லை. சிஸ்டம் வி என்ற மற்றொரு யூனிக்ஸ் கிளையின் வழிவந்த கணினிகளில் வரிசை வேலைகளை வாங்கிக்கொள்ள அக்செப்ட், வாங்கியதை வெளியே அனுப்ப எனேபிள் என்று இரண்டு தனித்தனிக் கட்டளைகள் தேவை என்பதைப் பிஎஸ்டியில் பழகிய கை மறந்திருந்தது. இரண்டையும் கொடுத்த பிறகு வேலை வரிசையில் ஏறியது, ஆனால் அங்கேயே உட்கார்ந்துவிட்டது.

இந்த இடத்தில் நான் செய்த சோதனைதான் என்னை நன்றாகத் தவறான பாதையில் அனுப்பியது. எச்பி-யூஎக்ஸிலிருந்து டெல்நெட் என்ற தொலை இணைப்பு நிரல் வழியாகச் சேவையகத்தின் 515ஆம் போர்ட்டைத் தட்டிப் பார்த்தேன். இணைப்பு கிடைத்த வேகத்திலேயே அறுந்தது. எந்தக் கணினிகளிடமிருந்து வேலை வாங்கலாம் என்று சொல்லும் அனுமதிக் கோப்பில்தான் பிழை என்று முடிவுகட்டி, ஹோஸ்ட்ஸ்.எல்பிடி கோப்பை ஒரு பிற்பகல் முழுவதும் மாற்றி மாற்றி எழுதினேன். உண்மையில், 1024க்குக் கீழுள்ள போர்ட்டிலிருந்து வரும் இணைப்பை மட்டுமே ஃப்ரீபிஎஸ்டியின் எல்பிடி ஏற்கும். டெல்நெட்டோ, ரூட் எனும் முழு உரிமைப் பயனராக இயக்கினாலும், எப்போதும் மேலேயுள்ள போர்ட் ஒன்றிலிருந்தே கிளம்பும். அதாவது எல்லாம் சரியாக இருந்திருந்தாலும் என் சோதனை தோற்றுத்தான் இருக்கும். எல்பிடியைச் சோதிக்க விரும்புகிறவர்கள் நெட்கேட் என்ற இணைப்புக் கருவியை ரூட் உரிமையோடு இயக்கி, புறப்படும் போர்ட்டாக 721ஐக் கொடுத்துப் பார்க்க வேண்டும். டெல்நெட்டின் பக்கமே போகக் கூடாது.

அதற்குப் பிறகுதான் அனுப்பும் பக்கத்தைக் குடைவதை விட்டுவிட்டுப் பெறும் பக்கத்துக்குப் போனேன். எல்பிடியை இணைப்புப் பிழைகளையும் வந்த வேலைகளையும் பதிவுசெய்யும் விருப்பங்களோடு மீண்டும் தொடங்கி, பதிவுக் கோப்பைத் திரையில் ஓடவிட்டேன். மறுக்கப்பட்ட கணினியின் பெயர் அங்கே இருந்தது, ஆனால் நான் அனுமதிக் கோப்பில் எழுதியிருந்த பெயராக அது இல்லை. எச்பி-யூஎக்ஸ் கணினியில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் இருந்தன. அச்சு வேலை இரண்டாவதன் வழியாக வெளியேறியது. அந்த முகவரியைத் திருப்பித் தேடினால் வேறொரு பெயர் வந்தது. முதல் நாளே வலையமைப்பைக் கவனிக்கும் பிரிவில் இதைக் கேட்டிருந்தேன். பெயர்ப் பதிவுகள் அனைத்தும் சரியாக இருப்பதாகவும், சிக்கல் என் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்றும் பதில் வந்தது. அவர்கள் பார்த்தது முதல் அட்டையின் முகவரியை. இரண்டாவது பெயரையும் கோப்பில் சேர்த்தேன். இரண்டு நிமிடத்தில் காகிதம் வந்தது.

வந்த காகிதத்தில் ஒவ்வொரு வரியும் முந்தைய வரி முடிந்த இடத்தில் தொடங்கி, படிக்கட்டாக இறங்கி, வலது ஓரத்தில் காணாமல் போயிருந்தது. யூனிக்ஸ் வரிமுடிவில் வரி இறக்கத்தை மட்டுமே வைக்கும். அச்சுமுனையை இடது ஓரத்துக்குத் திருப்பும் குறியை வைக்காது. அச்சுப்பொறி பிசிஎல் என்ற அச்சு மொழி அறிந்தது என்பதால், வரி இறங்கும்போதெல்லாம் இடது ஓரத்துக்கும் திரும்பச் சொல்லும், எஸ்கேப் குறியில் தொடங்கும் ஒரு சிறு கட்டளையை முன்னால் அனுப்பிவிட்டு உரையைக் கடத்தும் இரண்டு வரி வடிகட்டி நிரல் போதுமானதாக இருந்தது. அந்த நிரலுக்கு இயங்கும் அனுமதி தர மறந்ததால் போன கால் மணி நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு மென்பொருள் இருந்ததால் எளிதாக இருக்கும் என்று எண்ணி, அதையும் அதே வரிசைக்குத் திருப்பினேன். கப்ஸ் தன் பங்குக்குக் கோப்பைப் போஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற பக்க விவரிப்பு மொழிக்கு மாற்றி அனுப்ப, என் வடிகட்டி அதை வெறும் உரையாக எண்ணிக் கடத்த, விழுக்காட்டுக் குறியும் வியப்புக்குறியும் தலையில் நிற்கும் நிரல்வரிகள் பக்கம் பக்கமாகக் கொட்டத் தொடங்கின. ஓடிப்போய் அச்சுப்பொறியை அணைத்தேன்; மீண்டும் இயக்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. சேவையகத்துக்குத் திரும்பி வேலையை வரிசையிலிருந்து நீக்கிய பிறகே நின்றது. ஆகவே உரைக்கு வடிகட்டியோடு ஒன்று, ஏற்கெனவே அச்சுப்பொறியின் மொழியில் வருவதற்கு எதுவுமில்லாமல் ஒன்று என இரண்டு வரிசைகளை, வரிசைகளை விவரிக்கும் பிரிண்ட்கேப் கோப்பில் வைத்தேன். கப்ஸிலும் பிசிஎல் இயக்கியைத் தேர்ந்து இரண்டாவது வரிசையைக் காட்டினேன். அந்தக் கோப்பில் வரித்தொடர்ச்சிக்கான பின்சாய்கோட்டுக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருந்தாலும் மீதிப் பதிவு செல்லாது. ஆகவே சேமிக்கும் முன் வரிமுடிவுகளை ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

மூன்றாம் நாள் காலை, இரவில் லினக்ஸ் அனுப்ப வேண்டிய முப்பது சிறு அறிக்கைகளில் பதினொன்று மட்டுமே தட்டில் இருந்தன. பதினொன்று என்ற எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. ஆர்எஃப்சி 1179 அனுப்புகிறவருக்கு ஒதுக்கும் போர்ட்டுகள் 721 முதல் 731 வரை, சரியாகப் பதினொன்று; கப்ஸிலும் அந்த எல்லையையே கடைப்பிடிக்கும்படி நானே அமைத்திருந்தேன். மூடிய இணைப்பின் போர்ட்டை இயக்குதளம் சிறிது நேரம் காத்திருப்பில் வைத்திருப்பதால், வேகமாக வந்த பன்னிரண்டாவது வேலைக்கு எதுவும் மிஞ்சவில்லை. அறிக்கைகளை அனுப்பும் என் நிரலும் காத்திருக்கப் பொறுமையின்றி முடிந்திருந்தது. 1024க்குக் கீழுள்ள எந்தப் போர்ட்டையும் எடுத்துக்கொள்ளலாம் என்று மாற்றினேன், முப்பது அறிக்கைகளையும் ஒரே கோப்பாக இணைத்தும் அனுப்பினேன்.

மறுநாள் முப்பதும் வந்திருந்தன. அவற்றின் மேல், எச்பி-யூஎக்ஸிலிருந்து வந்த ஒற்றைப் பக்க வேலைக்கு முன்னால், ரூட் என்ற பெயரைப் பக்கம் நிறைய எழுத்துகளால் கட்டிய முகப்புத் தாள் ஒன்று கிடந்தது. பிரிண்ட்கேப்பில் அதைத் தடுக்கும் எஸ்எச் என்ற இரண்டெழுத்தை இரண்டு வரிசைகளிலும் எழுதாமல் விட்டிருந்தேன்.