மானுக்கு மண் அமுக்கிய கதை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு விஸ்கான்சினிலிருந்து மச்சான் கூப்பிட்டான். அங்கே சனி ராத்திரி எட்டரை. அந்த நேரத்தில் அவன் கூப்பிட்டால் ஒன்று யாருக்காவது உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் ஏதோ வாங்கப் போகிறான். இது இரண்டாவது வகை.

"அத்தான், விதை தூவின மண்ணை அமுக்க எது நல்லது?"

ஊருக்கு வெளியே அஞ்சு ஏக்கர் வாங்கிப் போட்டிருக்கிறான். அதில் கால் ஏக்கரை உழுது, குளோவர் என்ற தீவனப் பயிரை விதைத்து, மான்களுக்கு விருந்து வைக்கத் திட்டம். அங்கே அது பெரிய பொழுதுபோக்கு. பெரும்பாலும் வேட்டைக்காரர்கள் செய்வது. இவனோ முட்டையைக்கூடத் தொடாதவன். மான் வந்தால் ஜன்னல் வழியாகப் பார்ப்பானாம், அவ்வளவுதான். பரண்மேல் நின்று ஆலோலம் பாடிக் கிளி விரட்டிய வள்ளியைக் கும்பிடுகிற குடும்பத்தில் இப்படி ஒருத்தன். பெங்களூரை ஒட்டிய பன்னேருகட்டா பக்கம் ராகி போட்டவர்கள் யானைக்குப் பயந்து ராத்திரி முழித்துக் கிடக்கிறார்கள். இவன் பந்தி விரிக்கிறான்.

"உங்க அத்தான் முப்பது வருஷமா மண்ணை அமுக்கித்தானே சோறு போடுறாரு, அவரையே கேளு" என்றாள் மனைவி. நான் சிவில் இன்ஜினியர். ஆனாலும் அவள் சொன்ன தொனி புகழ்ச்சி மாதிரி இல்லை.

வாட்ஸ்அப்பில் நாலு படம் வந்தது. முதலாவது கல்டிபேக்கர்: வார்ப்பிரும்பு வளையங்களை அனுமாருக்கு வடைமாலை கோத்த மாதிரி ஒரு அச்சில் கோத்தது. அடுத்தது தண்ணீர் நிரப்பும் வழுவழு உருளை. மூன்றாவது, பழைய ஸ்பிரிங் கட்டிலின் வலை. மேலே செங்கல் வைத்து வண்டிக்குப் பின்னால் இழுக்கணும். நாலாவது, செலவே இல்லாதது: வண்டி டயரையே மேலே ஓட்டுவது.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "உருளைதான். 200 லிட்டர் தண்ணி ஊத்தினா 200 கிலோ. கணக்கு சுத்தம்" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். மண் எவ்வளவு இறுகும் என்று பார்க்கும் ப்ராக்டர் சோதனை, 2.6 கிலோ சுத்தியல், 310 மில்லிமீட்டர் உயரம், அடுக்குக்கு 25 குத்து என்று ஆரம்பித்து, "95 சதவீதம் இறுக்கம் வந்தாத்தான் மண்ணுன்னு ஒத்துக்குவேன். முடிஞ்சா குளம்பு மாதிரி முளை வச்ச ஆட்டுக்கால் ரோலர் வாங்கு" என்று முடித்தேன்.

"அத்தான், நான் சைவம்."

"ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னாடி நம்ம இடத்துல செஞ்சு பாருங்களேன்" என்றாள் மனைவி. ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு முப்பதுக்கு நாற்பது சைட் ஒன்று பார்த்தீனியம் வளர்த்துக்கொண்டு கிடக்கிறது. களை எடுத்து, கொத்திவிட்டு, சில்லைக் குருவிகளுக்காக ரெண்டு படி ராகியைத் தூவினேன். அதிரும் இரும்புத் தட்டால் மண்ணை இறுக்குகிற பிளேட் காம்பாக்டர் ஒன்று வாடகைக்கு டெம்போவில் வந்து இறங்கியது. சரியான ஈரப்பதத்துக்குத் தண்ணீர் தெளித்து, மூணு தடவை ஓட்டினேன். பல் ஆடியது, மூக்குக்கண்ணாடி ஆடியது, மண் மட்டும் ஆடவில்லை. அத்தனை அழகு. பாதி சைட் முடிந்தபோது பெட்ரோல் தீர்ந்தது. பெட்ரோல் பங்க் வரைக்கும் யார் போவது? மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்தால், பக்கத்து நிலத்துப் பெரியவரின் ஆட்டு மந்தை அந்த மிச்சப் பாதி வழியாக நிதானமாக நடந்து போய்க்கொண்டிருந்தது. ஒரே குளம்புத் தடம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அடுத்த வாரம் மழை. எட்டாம் நாள் போய்ப் பார்த்தேன். ஆடு மிதித்த பாதியில் ஒவ்வொரு குளம்புக் குழியிலும் கொத்துக் கொத்தாகப் பச்சை. என் பாதி, விமான நிலைய ஓடுபாதை.

பெரியவர் ஓசூர்ப் பக்கத்துத் தமிழில் கேட்டார்: "ராகி போட்டீங்களா சாமி, ரோடு போட்டீங்களா?"

குனிந்து என் பாதியை நகத்தால் சுரண்டினார். மேலே அப்பளம் மாதிரி ஒரு பொருக்கு பெயர்ந்து வந்தது. "செம்மண்ணை வழுவழுன்னு விட்டா மழை அடிச்சு ஏடு கட்டிடும், முளை எப்படி முட்டும்? வேருக்கும் இடம் வேணுமில்ல?" அந்தப்பக்கம் போய்க் குதிகாலை ஊன்றிக் காட்டினார். தடம் அரை விரல்கூடப் பதியவில்லை. "இவ்ளோ இறுகினாப் போதும். விதையை மண்ணு கவ்வணும். நெரிக்கக் கூடாது."

முப்பது வருஷமாக நான் நெரிக்கிறதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரியே மச்சானுக்கு மாற்றிச் சொன்னேன். வடைமாலையையே வாங்கு. விதைக்கு முன்னால் ஒரு ஓட்டு, கட்டி உடையும். தூவிவிட்டு இன்னொரு ஓட்டு. குளோவர் விதை கடுகைவிடச் சின்னது, கால் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் எழுந்திருக்காது. வளையம் விடுகிற வரிப்பள்ளத்தில் மழைத்தண்ணி தங்கும். ஈர மண்ணில் மட்டும் இறக்காதே, தோசைக்கல்லில் மாவு ஒட்டின மாதிரி வளையத்தில் அப்பிக்கொண்டு விதையையும் சேர்த்து உரித்துவிடும்.

"போன வாரம் உருளைன்னீங்களே அத்தான்?"

"போன வாரம் எனக்கு ஆட்டைத் தெரியாது."

செகண்ட் ஹேண்டில் ஒன்றைப் பிடித்துவிட்டான். குளோவர் முளைத்த படம் வந்தது, மான் படம் இன்னும் வரவில்லை. என் ராகிக்கோ சில்லை வரும் முன்னாலேயே மந்தை திரும்பி வந்து, தான் விதைத்ததைத் தானே மேய்ந்துவிட்டுப் போயிற்று. காம்பாக்டர் ஓடிய பாதி வீணாகவில்லை. தெருப் பையன்கள் சுண்ணாம்புக் கோடு போட்டு, வலை கட்டி, சாயங்காலம் ஷட்டில் ஆடுகிறார்கள். "அங்கிள், அந்த இன்னொரு பாதியையும் அமுக்கித் தருவீங்களா?" என்று போன ஞாயிறு கேட்டார்கள். பெட்ரோல் அவர்கள் செலவாம்.