மாஸ் பீச் பாறைகளில் மூன்று கடல் சாமந்திகள்

சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே, கடலோரச் சாலையில் இருக்கிறது மாஸ் பீச். அங்குள்ள ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் காப்பகத்துக்கு ஓத அட்டவணை பார்க்காமல் போனால் அலையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கடல் நன்றாக வற்றும் நேரம் கோடையில் விடிகாலை, குளிர்காலத்தில் பிற்பகல். நாங்கள் போனது டிசம்பர். தூக்கம் தப்பியது.

பாறையில் மணலும் சிப்பித்தூளும் அப்பிய திட்டுகள் தெரிந்தன. "அது மேல கால வெக்காதடா, உயிரு!" என்று தம்பியை இழுத்தேன். சுருங்கிக் கிடந்த கடல் சாமந்திகள், அதாவது அனிமோன்கள் அவை. பூப்போல விரியும் கடல் விலங்கு. இந்த இனத்தின் பெயர் அந்தோப்ளூரா எலிகன்டிசிமா. தன்னையே இரண்டாகப் பிளந்து பெருகும். ஒரு திட்டு முழுக்க ஒரே உயிரின் நகல்கள்!

இரண்டு திட்டுகளுக்கு நடுவே வெறும் பாறை வரப்பு போல ஓடும். அந்நிய நகல் தொட்டால், கொடுக்கிழைகளுக்குக் கீழுள்ள வெள்ளை மொட்டுகளை உப்பவைத்து அடிக்கும். கொட்டும் தோல் உரிந்து எதிரி மேலேயே ஒட்டிக்கொள்ளும். இந்த எல்லைச் சண்டையை ஆய்வாளர் லிஸ்பெத் ஃபிரான்சிஸ் 1973இல் விவரித்தார்.

"பச்சையா இருக்கறது பச்சை அனிமோன், அவ்ளோதானே?" என்றான் தம்பி. அவ்வளவு சுலபமில்லை. உள்ளே குடியிருக்கும் பாசியும் நிறம் தருகிறது. வெயில் படாத இடுக்கில் அதே இனம் வெளிறிக் கிடக்கும். வாயைச் சுற்றியுள்ள தட்டையான பகுதியை, அதாவது வாய்த்தட்டைப் பாருங்கள். வாயிலிருந்து சக்கரத்தின் ஆரம்போலக் கோடுகள் இல்லாமல், தட்டும் இழைகளும் ஒரே பச்சையாக இருந்தால் பெரும்பச்சை, அந்தோப்ளூரா சாந்தோகிராமிகா. உடம்பிலுள்ள பருக்களும் அதற்கு வரிசையாக இருக்காது. கடலுக்கு நெருக்கமான பள்ளங்களில் உட்கார்ந்துகொண்டு, அலை பிய்த்துப் போடும் மட்டிகளை விழுங்கும்.

எலிகன்டிசிமா போலவே கோடுகள் உண்டு, இழை நுனியில் இளஞ்சிவப்போ ஊதாவோ உண்டு, ஆனால் ஒரு சாண் அகலத்தில் தனியாக நிற்கிறதா? அது அந்தோப்ளூரா சோலா. பிளந்து பெருகாது. வெகுகாலம் எலிகன்டிசிமாவின் பெரிய வடிவம் என்றே எழுதிவந்தார்கள். 2000இல்தான் பியர்ஸ் என்ற ஆய்வாளரும் அதே ஃபிரான்சிஸும் தனி இனமாகப் பிரித்தார்கள். இருபத்தைந்து ஆண்டுதான் ஆகிறது என்பதால், பழைய கையேட்டை நம்பிப் போகாதீர்கள்.

நாங்கள் தேடியது சோலாவைத்தான். முழங்காலளவுக் குட்டையின் அடியில் கிடைத்தது, நுனியெல்லாம் ஊதா. பக்கத்திலேயே இன்னொன்று, கோலிக்குண்டு அளவில், தனியாக. குட்டி சோலாவாகவும் இருக்கலாம், கூட்டத்தை விட்டு விலகிய எலிகன்டிசிமாவாகவும் இருக்கலாம். நான் எடுத்த படத்தை வைத்துப் பிரிக்க முடியாது. அதற்கு மட்டும் 'அந்தோப்ளூரா' என்று பேரினப் பெயரோடு நிறுத்திக்கொண்டேன்.