சிடி ஆஞ்சியோவா? முதல்ல கையில என்ன கலர் ஊசின்னு பாருங்க

தம்பி பைக்ல சறுக்கி விழுந்ததுல முழங்கால் மூட்டு விலகி, தானாவே திரும்ப உள்ள போயிடுச்சு. எக்ஸ்ரேல எலும்பு உடையலன்னதும் பாதி உயிர் வந்துச்சு. கேஷுவால்டில ஒருத்தர் பாதத்தைத் தொட்டுப் பார்த்துட்டு "பல்ஸ் இருக்கே, கட்டு போட்டு அனுப்பிடலாம்"னுட்டார்.

நல்லவேளை சீனியர் டாக்டரம்மா வந்தாங்க. கையிலயும் கணுக்கால்லயும் டாப்ளர் (ரத்த ஓட்டத்தை சத்தமா கேக்க வைக்கிற சின்னக் கருவி) வெச்சு பிபி எடுத்தாங்க. கணுக்கால் பிரஷரை கை பிரஷரால வகுத்தா 0.9க்கு கீழ வந்தாலே சந்தேகமாம், இவனுக்கு 0.6. மூட்டு விலகுறப்ப பின்னாடி ஓடுற ரத்தக்குழாய் இழுபட்டு உள்சுவர் கிழிஞ்சிருக்கும், பல்ஸ் இருக்குன்னு மட்டும் நம்பிடாதீங்க, உடனே சிடி ஆஞ்சியோ, அதாவது மருந்து ஏத்தி ரத்தக்குழாயைப் படம் பிடிக்கிற ஸ்கேன் எடுக்கணும்னாங்க. 6 மணி நேரம் தாண்டினா காலுக்கே ஆபத்துன்னும் சொன்னாங்க, ஏற்கனவே 2 மணி நேரம் போயிருந்துச்சு.

ஸ்ட்ரெச்சரைத் தள்ளிட்டு ஓடினா, ஸ்கேன் ரூம்ல டெக்னீஷியன் "நீல ஊசியா, இதுல முடியாதே"ங்கிறார். ஊசியோட கலரை வெச்சுத்தான் அதோட சைஸாம், டிரிப்ஸுக்காக புறங்கையில போட்ட சின்ன ஊசி அது. ரத்தக்குழாயைப் படத்துல காட்டுற கான்ட்ராஸ்ட் மருந்து செகண்டுக்கு 4, 5 மில்லி வேகத்துல பாயணும், புறங்கை நரம்பு தாங்காம மருந்து தோலுக்கடியில போயி வீங்கிடும், முழங்கை மடிப்புல பெரிய பச்சை ஊசி போடுங்க, கிடைக்கலன்னா அதைவிட ஒரு சைஸ் சின்ன பிங்க்குன்னு திருப்பி அனுப்பிட்டார். இதை முதல்லயே ஒரு போன்ல சொல்லியிருக்கலாம்ல? கீழ வந்தா நரம்பு கிடைக்காம மூணு குத்து, 25 நிமிஷம் காலி.

மறுபடி மேல போனா கவுன்டர்ல "கிரியாட்டினின் ரிப்போர்ட் எங்க?" கிட்னி நல்லா வேலை செய்யுதான்னு பாக்குற ரத்த டெஸ்ட் அது, லேப்ல 1 மணி நேரமாகுமாம். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. டாக்டரம்மாவுக்கு போன் போட்டுக் குடுத்தேன், "கால் போற கேஸ்ல அதுக்கெல்லாம் காத்திருக்க வேணாம், நான் கையெழுத்து போடுறேன்"னு அவங்க கத்தினது வெளிய வரைக்கும் கேட்டுச்சு. அதனால சொல்றேன், கிட்னி பிரச்சினை, சுகருக்குப் போடுற மெட்ஃபார்மின் மாத்திரை, பழைய அலர்ஜி இருந்தா கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ஆனா எமர்ஜென்சில ரிப்போர்ட் வரலன்னு யாராவது உக்கார வெச்சா சீனியரைக் கூப்பிடச் சொல்லுங்க.

ஸ்கேன் சில நிமிஷம்தான். மருந்து ஏறினதும் உடம்பெல்லாம் சூடாகி "பேன்ட்லயே போயிட்டேன் போல"ன்னு பயந்துட்டான், அது சும்மா அப்படித் தோணுமாம். படத்துல முழங்காலுக்குப் பின்னாடி ரத்தக்குழாய் பட்டுனு நின்னிருந்துச்சு. அன்னிக்கு ராத்திரியே இன்னொரு கால்ல இருந்து ரத்தக்குழாய் எடுத்து வெச்சுத் தெச்சாங்க, கால் தப்பிச்சுது.

ரெண்டு நாள் கழிச்சு வார்டுல புது ஊசி போட வந்தவங்ககிட்ட அவனே கேட்டான், "சிஸ்டர், இது என்ன கலரு?"