முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

ஜனவரி 12

வாங்கியே விட்டேன். 1969-ஆம் வருடத்து செஸ்னா 337, ஸ்கைமாஸ்டர். இரட்டை என்ஜின் விமானம்தான், ஆனால் இறக்கைக்கு ஒன்றாக இல்லை. மூக்கில் இருப்பது இழுக்கிறது, கேபினுக்குப் பின்னால் இருப்பது தள்ளுகிறது. பின் ப்ரொப்பல்லருக்கு இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு தண்டுகள் போய் வாலைத் தாங்கிப் பிடிக்கின்றன.

மகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அப்பா, இது ரிவர்ஸ்லயும் போகுமா?" என்றாள். ஹேங்கரில் இருந்தவர்கள் கேட்க நினைத்ததும் அதுதான் போலிருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள்.

ஜனவரி 26

இதை ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது இன்று உடம்புக்குப் புரிந்தது.

வழக்கமான இரட்டை என்ஜின் விமானத்தில் ஒரு பக்கத்து என்ஜின் நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். மறுபக்கப் பெடலை மிதித்து நேர்ப்படுத்த வேண்டும். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போய்விட்டால் எவ்வளவு மிதித்தும் பயனில்லை, விமானம் புரண்டுவிடும். அந்த அளவை வேகமானியில் சிவப்புக் கோடாகப் போட்டிருப்பார்கள். என் வேகமானியில் அந்தக் கோடே கிடையாது.

நல்ல உயரத்தில் பயிற்சியாளர் சத்தமில்லாமல் முன் த்ராட்டிலை, அதாவது முன் என்ஜினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியை, இழுத்தார். மிதிக்கத் தயாராக இருந்த என் காலுக்கு வேலையே வரவில்லை. விமானம் கொஞ்சம் சோர்ந்தது, அவ்வளவுதான். நேராகவே போனது. அப்புறம் முன்னதைத் தந்துவிட்டுப் பின்னதை இழுத்தார். இந்தத் தடவை சோர்வு அதிகம். இரண்டும் 210 குதிரைத்திறன் கொண்ட ஒரே வகை கான்டினென்டல் என்ஜின்கள்தான். ஆனாலும் தனியாக விட்டால் முன்னதைவிடப் பின்னது நன்றாகத் தள்ளிக்கொண்டு போகிறது. மொட்டையாக முடியும் உடம்பின் மேல் வரும் காற்றை அந்த ப்ரொப்பல்லர் தன் பக்கம் வாங்கிக்கொள்கிறது என்றார்.

இறங்கிய பிறகு அவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. "மத்த விமானத்துல எந்த என்ஜின் செத்ததுன்னு உங்க காலே சொல்லும். இதுல யாரும் சொல்ல மாட்டாங்க. நீங்கதான் மீட்டரைப் பார்க்கணும்."

இந்த வகையில் மட்டும் தேர்வு கொடுத்தால், இரட்டை என்ஜினில் இந்த வகையை மட்டுமே ஓட்டலாம் என்று அமெரிக்காவில் உரிமத்திலேயே குறித்துவிடுவார்கள். முதலில் அநியாயமாகத் தோன்றியது. இப்போது இல்லை.

பிப்ரவரி 8

கை நடுங்காமல் எழுத இரவாகிவிட்டது.

நல்ல வெயில். எனக்கு முன்னால் மூன்று விமானங்கள் புறப்படக் காத்திருந்தன. நானும் என்ஜின்களை ஐடிலில், அதாவது மிகக் குறைந்த சுற்றில், விட்டு நின்றுகொண்டிருந்தேன். முறை வந்ததும் ஓடுபாதையில் ஏறி நேராக நிறுத்தி, பயிற்சியில் சொன்னபடி பின் த்ராட்டிலை முதலில் தள்ளினேன். பின் என்ஜினின் சுற்றுமானி முள் அசையவில்லை. பூஜ்யத்தில் கிடந்தது.

எப்போது நின்றதோ தெரியாது. முன் என்ஜின் காதுக்கு முன்னாலேயே கத்திக்கொண்டிருக்கும்போது பின்னால் நடப்பது கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரிகிற இடமும் இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டையும் ஒன்றாகத் தள்ளியிருந்தால், முன் என்ஜின் பாட்டுக்கு விமானத்தை உருட்டிக்கொண்டு போயிருக்கும். நானும் ஏதோ மந்தமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே பாதி ஓடுபாதையைத் தின்றிருப்பேன். அப்படிப் போய் மாட்டியவர்கள் உண்டு. அதனால்தான் ஒற்றை என்ஜினில் புறப்படக் கூடாது என்று எச்சரிக்கை ஒட்டச் சொல்லி 1977-இலேயே உத்தரவு வந்தது. என் கண்முன்னே அது ஒட்டியிருக்கிறது. நான் பார்த்தது என்னவோ திரும்பி வரும்போதுதான்.

பிப்ரவரி 9

மெக்கானிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். "சூட்டுல பின்னாடி இருக்கறதுக்கு மூச்சு முட்டும் சார்." பறக்கும்போது முதுகின் மேலிருக்கும் காற்றுவாய் வழியாகக் குளிர்ச்சி கிடைக்கும். தரையில் நிற்கும்போது அது கிடைப்பதில்லை. ஐடிலைக் கொஞ்சம் கூட்டி வைத்தார்.

மார்ச் 4

வருடாந்திரப் பரிசோதனை. என்ஜின் மூடிகளான கவுலிங் எல்லாம் கழற்றித் தரையில் பரப்பியாகிவிட்டது. 12 சிலிண்டர், 24 ஸ்பார்க் பிளக், அவற்றுக்கு மின்சாரம் தரும் நான்கு மேக்னட்டோ. இன்னொரு விமானத்துக்காரர் தன் நான்கு சிலிண்டரைப் பார்த்து முடித்து, கை கழுவி, வீட்டுக்கே போய்விட்டார். நான் ஒன்பதாவது பிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு என்ஜின்னு வாங்கினீங்க சார். வேலை மூணு விமானத்துக்கு இருக்கு" என்றார் மெக்கானிக்.

மூன்றாவது விமானம் எது என்று மதியம் தெரிந்தது. சக்கரம்! இதற்கு முந்தைய மாடல், 1961-இல் முதலில் பறந்த 336-க்குச் சக்கரங்கள் நிலையானவை. மடக்கும் சக்கரம் 1965-இல் 337-உடன் வந்தது. ஜாக்கில் தூக்கி வைத்து லீவரை நகர்த்தினோம். முதலில் கதவுகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. அப்புறம் கால்கள் விடுபட்டுத் தொங்கி, பின்பக்கமாக வளைந்து வயிற்றுக்குள் போய் ஒடுங்கின. கடைசியாகக் கதவுகள் மூடின. ஒன்று மட்டும் விரற்கடை திறந்தே நின்றது. அதைச் சரிசெய்யவே பொழுது போய்விட்டது.

அந்தக் கதவுகள் திறந்து மூடும் நேரம் முழுக்கக் காற்றுத் தடை ஏறும். ஒரு என்ஜினில் கிடைக்கும் ஏற்றமே நிமிடத்துக்குச் சில நூறு அடிதான். ஆகவே புறப்படும்போது ஒன்று நின்றால் அவசரப்பட்டுச் சக்கரத்தை மடக்காமல் முதலில் தடைகளைத் தாண்டிவிடுவதுதான் புத்திசாலித்தனம். மற்ற விமானங்களில் பழகிய கை லீவரைத்தான் தேடும். அந்தக் கையை அடக்க வேண்டும்.

மார்ச் 7

ஒரு சீல் வேண்டும். கேட்டது ஒன்று, வந்தது வேறு. திருப்பி அனுப்பினேன். மொத்தத் தயாரிப்பே மூவாயிரத்தை ஒட்டித்தான், அமெரிக்காவில் 1980-இல் அதுவும் நின்றுவிட்டது. பாகம் தேடுவது தனிப் பொழுதுபோக்கு.

மார்ச் 21

பின் ப்ரொப்பல்லரில் ஒரு கல் அடி. என் தப்பு. சரளை கிடந்த இடத்தில் நின்று என்ஜினை முறுக்கினேன். சக்கரம் கிளப்பும் கல் எல்லாம் நேராக அதன் வழியில்தான் போகும். அலகின் முன்விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் தட்டியது, அரிசி நுனி அளவுக்கு. விட்டால் அங்கிருந்து விரிசல் தொடங்கும். மெக்கானிக் மெல்லிய அரத்தால் ராவி, விளிம்பு சரிந்து கலக்கும்வரை விடவில்லை. முடித்ததும் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார். நகம் தட்டவில்லை.

ஏப்ரல் 6

நண்பர் கேட்டார், "இவ்வளவு தொல்லைக்கு ஒற்றை என்ஜின் போதாதா?" போதும்தான். எரிபொருள் மணிக்கு 80 லிட்டர் பக்கம் போகிறது. ஆறு பேர் உட்கார்ந்தால் பெட்டி வைக்க இடமில்லை, அதற்கு வயிற்றின் கீழே தனிப் பை மாட்ட வேண்டும்.

முன்னிருக்கையில் உட்கார்ந்து பார்க்கட்டும் என்று அவரை ஏற்றிக்கொண்டு போனேன். இறக்கை தலைக்கு மேலே, அதுவும் நமக்குக் கொஞ்சம் பின்னால். பக்கவாட்டில் என்ஜின் எதுவும் மறைப்பதில்லை, கீழே ஆறும் வயலும் அப்படியே தெரிகின்றன. வியட்நாம் போரில் அமெரிக்க விமானப்படை இதை ஓ-2 என்ற பெயரில் இலக்கு பார்த்துச் சொல்லப் பயன்படுத்தியது சும்மா இல்லை. நண்பர் அரைமணி நேரம் பேசவே இல்லை. இறங்கியதும் கதவைத் திறக்கப் போனவரைத் தடுத்து, பின் ப்ரொப்பல்லர் முழுக்க நிற்கும்வரை உட்கார வைத்தேன். சுற்றும்போது அது கண்ணில் படாது. இதில் மட்டும் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

ஏப்ரல் 20

மகள் இப்போது பின்னிருக்கையில்தான் உட்காருவாள். ஓடுபாதையில் நேராக நிறுத்தியதும் கேபினின் பின்சுவரில் உள்ளங்கையைப் பதித்துக்கொள்கிறாள். நான் பின் த்ராட்டிலைத் தள்ளுகிறேன், முள் ஏறுகிறது.

"ஓடுது அப்பா" என்று கத்துகிறாள்.

முள்ளை இன்னொரு தடவை பார்த்துவிட்டு, முன்னதைத் தள்ளினேன்.