ஒருத்தியாவது தேய்த்துக் குளிக்கிறாளா?

மூன்றாம் மெய்ப்பில், எங்கள் பதிப்பில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா போட்டிருந்த பென்சில் கேள்விக்குறியை முதலில் ஏதோ ஒற்றுப்பிழை என்றுதான் நினைத்தேன். "பச்சைக் குளத்தில் குளிக்கும் பெண்கள். வாய்னிச் சுவடி, 15ஆம் நூற்றாண்டு." படக்குறிப்பு அவ்வளவுதான். வாய்னிச் என்பது, இன்றுவரை யாராலும் படித்துத் தீர்க்க முடியாத எழுத்தில் எழுதிய, படங்கள் நிறைந்த பழைய ஐரோப்பியக் கையெழுத்து நூல். இரண்டு முறை படித்தும் பிழை எதுவும் கண்ணில் படவில்லை. எழுந்து போய்க் கேட்டேன்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இவங்க குளிக்கிறாங்கன்னு உனக்கு எப்படிப்பா தெரியும்?" என்றார்.

"எல்லா இடத்துலயும் அப்படித்தான்க்கா போட்டிருக்கு."

"அது கிடக்கட்டும். படத்தைப் பாரு. ஒருத்தியாவது தேய்ச்சுக் குளிக்கிறாளா?"

பார்த்தேன். மேலே ஒரு குளம், கீழே ஒரு குளம், நடுவில் இரண்டையும் சேர்க்கும் குழாய் மாதிரி ஒன்று. பச்சைக்குள் உடையில்லாத, வயிறு உப்பிய பெண்கள் நிற்கிறார்கள். முதுகு தேய்ப்பவர் இல்லை, மொண்டு ஊற்றிக்கொள்பவர் இல்லை. யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருப்பவர்களைப் போல இருந்தார்கள்.

பாரம் அன்று சாயங்காலம் அச்சுக்குப் போக வேண்டும். 'குளிக்கும்' என்பதை அடித்துவிட்டு 'நீராடும்' என்று எழுதினேன். அக்கா ஒரு கணம் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அந்த ஒரு கணம்தான் இன்னும் உறுத்துகிறது. அவர் கேட்டது குளிக்கிறார்களா என்று. நான் கொடுத்தது குளிப்பதற்கு இன்னொரு சொல், அதுவும் மோசமான சொல். குளிப்பது வீட்டுக் காரியம். நீராடுவது என்றால் ஆற்றங்கரை, நோன்பு, விடியற்காலை எல்லாம் கூடவே வந்துவிடும். சந்தேகம் கேட்டவருக்குச் சந்தனம் பூசி அனுப்பினேன்.

ஆனால் நான் வாயில் வந்ததை எழுதவில்லை. கன்றுத்தோலைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தி 1404க்கும் 1438க்கும் இடைப்பட்டது என்று கண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்து ஐரோப்பாவில் வெந்நீர் ஊற்றுக் குளியல் ஒரு வைத்தியம். நேப்பிள்ஸ் பக்கத்துப் பொட்சுவோலியின் ஊற்றுகளைப் பற்றி எபோலி ஊர்ப் பீட்டர் எழுதிய பாடலின் ஓவியப் பிரதிகளில், குளத்துக்குள் ஆட்கள் கும்பலாக இருப்பதைக் காணலாம். வாய்னிச்சின் இந்தப் பகுதிக்கே குளியல் பகுதி என்றுதான் பலர் பேர் வைத்திருக்கிறார்கள். இத்தனை பேர் சொன்ன பிறகு ஒரு படக்குறிப்பில் நான் புதிதாக என்ன புரட்சி செய்ய முடியும்?

இப்படி எனக்கு நானே பேசி ஆறியிருந்த சமயத்தில், யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தின் சொந்த விவரக்குறிப்பைப் படித்தேன். 1969இலிருந்து சுவடி அவர்களிடம்தான் இருக்கிறது, எண் 408. அதில் இதற்கு 'உயிரியல் பகுதி' என்று பேர். சிறிய நிர்வாணப் பெண் உருவங்கள், பெரும்பாலும் வயிறு பெருத்தவை, திரவங்களில் அமிழ்ந்தோ அளைந்து நடந்தோ இருக்கின்றன என்கிறது. குளியல் என்ற பேச்சே இல்லை. ஏன், தண்ணீர் என்றுகூடச் சொல்லவில்லை. திரவம்! தினமும் அதைப் பூட்டிப் பாதுகாக்கிறவர்கள் தண்ணீர் என்று சொல்லத் தயங்க, நான் நீராட்டியே விட்டேன்.

பச்சை நிறமும் சிக்கல்தான். கோட்டோவியம் வரைந்தவரேதான் வண்ணமும் பூசினாரா, பிறகு வேறு யாரோ பூசினார்களா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. ஒரு நாள் கணினியில் நிறத்தை உருவிவிட்டுப் பார்த்தேன். தொட்டியும் பெண்களும் மிஞ்சினார்கள். உள்ளே இருப்பது தண்ணீர் என்று என்னிடம் முக்கால்வாசி சொன்னது அந்தப் பச்சைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

1921இல் நியூபோல்ட் என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர், இது ரோஜர் பேகன் என்ற ஆங்கிலேய அறிஞர் எழுதியது என்று அறிவித்தார். இதே உருவங்களில் அவர் கண்டது கருத்தரிப்பை. பத்து வருடத்தில் அவருடைய வாசிப்பை மேன்லி என்ற இலக்கிய ஆய்வாளர் பிரித்து மேய்ந்துவிட்டார். பேகன் 13ஆம் நூற்றாண்டுக்காரர் என்பதால் தோலின் காலமும் பின்னால் வந்து காலை வாரியது. ஆனால் 2024இல் கீகன் ப்ரூவர், மிஷெல் லூயிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் வேறு வழியாக வந்து, சுவடியின் சில படங்கள் பாலுறவையும் கருத்தரிப்பையும் பற்றியவை என்று எழுதினார்கள். பெண்களின் மருத்துவ ரகசியங்களை மறைவெழுத்தில் எழுத வேண்டும் என்று சொன்ன ஹார்ட்லீப் என்ற 15ஆம் நூற்றாண்டு மருத்துவரைத் துணைக்கு அழைத்தார்கள். அதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அக்காவின் கேள்விக்குறி நியாயம்தான் என்று. ஆனால் அவர் சொன்னதும் பதில் இல்லையே. தேய்க்காமலும் குளிக்கலாம். முத்துக்குளிக்கிறவன் முதுகா தேய்க்கிறான்? குளி என்றால் மூழ்கு. அந்தக் கணக்கில் என் முதல் குறிப்பு தப்பில்லை என்று ஒரு ராத்திரி முழுக்க வாதாடி ஜெயித்தேன். காலையில் படத்தைத் திறந்தேன். யாரும் மூழ்கவில்லை, நின்றுகொண்டிருந்தார்கள்.

சுவடி என்ற சொல்லை மட்டும் அக்கா ஏன் விட்டார் என்பது வேறு கேள்வி. தமிழ் வாசகனுக்குச் சுவடி என்றால் கண்முன் வருவது பனையோலை. அதற்கும் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கலாம்.

மறுபதிப்பு வந்தபோது, மாற்ற வேண்டியது இருந்தால் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அக்கா அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். 'பச்சைத் திரவத்தில் நிற்கும் பெண்கள்': ஏதோ ரசாயனத் தொழிற்சாலை விபத்து போல இருந்தது. 'பெண் உருவங்கள்' என்று மட்டும் போட்டால் பக்கத்தைப் புரட்டும் பையனுக்கு என்ன கிடைக்கும்? படக்குறிப்பு என்பது வாசகன் கையைப் பிடிக்க, அவனைத் தெருவில் விட அல்ல என்று தோன்றியது. அக்கா இருந்திருந்தால் இதற்கும் ஏதாவது கேட்டிருப்பார். காலத்தை இன்னும் துல்லியமாகப் போடவா என்று மட்டும் கேட்டு அனுப்பினேன், வேண்டாம் என்றார்கள். இரண்டாம் பதிப்பிலும் அவர்கள் நீராடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இந்தக் கட்டுரையைச் சேமிக்கும்போது கோப்புக்குப் பேர் கேட்டது. யோசிக்காமல் 'குளியல்' என்று அடித்தேன்.